மின்வாளும் தச்சன் விரலும்

கைவாளால் மரம் அறுத்த காலத்தில் தச்சனுடைய கை களைத்தால் வாளும் உடனே நின்றது. மின்வாளோ கை களைத்த பின்னும் களைப்பதில்லை. இவ்வொரு வேற்றுமையை நன்குணர்ந்தால், அதனிடத்து நாம் கொள்ளவேண்டிய ஜாக்கிரதை இன்னதென்பது விளங்கும்.

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்திலும், அதற்கு மேற்கேயுள்ள மங்களூர்ப் பகுதியிலும், ஏன், தமிழ்நாடெங்கணுமே, நிலையும் கதவும் கட்டிலும் செய்யும் சிறு பட்டறைகள் உண்டு. கையிற் பிடித்து அறுக்கவேண்டிய கட்டிங் மிஷினின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, அதைப் பலகையொன்றின் அடியில் தலைகீழாகப் பொருத்தி, மேலே நீட்டிய வாளில் மரத்தைத் தள்ளும் வழக்கம் இத்தகைய பட்டறைகளில் அரிதன்று. இது வசதியென்று கருதப்படுகின்றது. நான் அதனை அபாயமென்றே கூறுவேன்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டவாள் நிமிஷத்திற்கு 3,000 முறை சுற்றுமாயின், அதன் பற்கள் விநாடிக்குச் சுமார் 47 மீட்டர் வேகத்திற் செல்லும். ஆபத்தைக் கண்டு கையை இழுக்க மனிதனுக்கு விநாடியில் ஐந்திலொரு பங்காவது வேண்டும். அதற்குள் ஒன்பது மீட்டருக்கு மேற்பட்ட பல்வரிசை அவ்விடத்தைக் கடந்துவிடும். ஆகவே, 'நான் பழகியவன், கையை எடுத்துவிடுவேன்' என்பது வீண் தைரியமேயாம்.

இன்னுமோர் அபாயம், மரம் எதிர்த்துப் பாய்தல். அறுபட்ட பிளவு சுருங்கி வாளைக் கவ்வும்போது, வாளின் பின்புறப் பற்கள் மரத்தைத் தூக்கி, தள்ளுகிறவன்மேலேயே எறியும். அவன் கையும் வாளை நோக்கி இழுபடும். இதைத் தடுக்கவே வாளின் பின்னே பிளப்புக் கத்தி என்னும் மெல்லிய தகடு வைக்கப்படுகின்றது. அதுவும், வாளை மறைக்கும் மூடியும், கடைசி முழத்தைத் தள்ளுதற்குரிய கோலும் இருத்தல் அவசியம். தளர்ந்த ஆடையும் தோளில் தொங்கும் துண்டும் ஆகா. சுழலும் வாளருகே கையுறையும் ஆகாது, அது விரலையும் உடன் இழுத்துச் செல்லும். வாளை மாற்றுமுன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மறைப்பும் வேண்டும். மரத்தூள் புற்றுநோயை விளைவிக்க வல்லதென்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1995-ஆம் ஆண்டிலேயே முடிவு கூறினர்.

நிற்க, 'இவையெல்லாம் தச்சனுக்குத் தெரியாதா?' என்று கேட்கலாம். பெரும்பாலும் தெரியும். ஆயின், மூடியிருந்தால் கோடு தெரிவதில்லை, வேலை தாமதிக்கின்றது என்பர். அந்தத் தாமதத்தைப் பொறாதவர் யார்? 'நாளைக்கே கதவு வேண்டும், கூலியுங் குறைய வேண்டும்' என்று நெருக்கும் நாமன்றோ? அவன் விரலிழப்பின் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

சட்டத்தின் துணையும் இங்குக் குறைவே. அபாயமான இயந்திர பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆனால், மின்விசையோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தையே அது பொதுவாகத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2020-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத் தொகுப்போ அத்தொகையை இருபதாக உயர்த்திற்று. மூவர் வேலை செய்யும் பட்டறைக்கு இதனால் யாது பயன்?

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்னும் பௌதிக அறிஞர், உடல் பட்டவுடன் மில்லிவிநாடி ஐந்தளவிலேயே வாளை நிறுத்தும் கருவியைக் கண்டார். 2004-ஆம் ஆண்டுமுதல் அது விற்பனைக்கு வந்தது. நின்றபின் வாளும் தடையும் கெடும், விரல் பிழைக்கும். விலை மிகுந்த அக்கருவி நம் பட்டறைகளுக்கு எளிதில் எட்டாது. மூடியும் தகடும் கோலுமோ எட்டக்கூடியவையே.

ஆதலால் என் கருத்து இது: நம் கல்லூரிக்கும் விடுதிக்கும் மேஜை நாற்காலி செய்விக்கும்போது, காப்புள்ள வாளிலேயே அறுக்கவேண்டுமென்பதை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதி, அதற்குரிய கூலியையும் காலத்தையும் மனமுவந்து கொடுத்தல் வேண்டும். பழைய மாணவர்களும் தம் வீடு கட்டும்போது அவ்வாறே செய்வாராக. நாசரேத்தூர்த் தச்சரை ஆண்டவரென்று போற்றும் ஒரு கல்லூரி, தன் அருகிலுள்ள தச்சனுடைய விரல்களை அற்பமாக எண்ணுதல் தகாது.