சத்திரம் ஆன கம்ப்யூட்டர்

என் வீடு, என் கம்ப்யூட்டர், கரண்ட் பில் கட்டுவதும் நான். அப்பா சொல்லச் சொல்ல நானே டைப் அடித்த அவருடைய பழைய கதைகளைத் திறக்கப் போனால் ‘பர்மிஷன் டினைடு’ என்கிறது. அப்பா இப்போது இல்லை. வேறு காப்பியும் இல்லை. (திட்டாதீர்கள். வீட்டில் திட்டியாகிவிட்டது.)

லினக்ஸ் மெஷின். யுனிக்ஸ் வழி வந்தது. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரர், அவர் கோஷ்டி, ஊரார் என்று மூன்று கணக்கு. படிக்க 4, எழுத 2, ஓட்ட 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 644 என்றால் சொந்தக்காரர் படித்து எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். 777 என்றால் சத்திரம்.

என்றோ நான் ‘சூடோ’ போட்டுக் காப்பி செய்ததில், ஃபைல் ‘ரூட்’ என்கிற பெரியவர் பெயருக்குப் போயிருந்தது. பட்டாவை என் பெயருக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். நானோ ஆத்திரத்தில் மொத்த டிஸ்க்குக்கும் 777 போட்டேன். அப்பா ஃபைல் திறந்தது. மற்றதெல்லாம் மூடிக்கொண்டது.

சூடோவே வேலை செய்ய மறுத்தது. யார் கூப்பிட்டாலும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓட அதற்கு ‘செட்யுஐடி’ என்று ஒரு தனி முத்திரை உண்டு. என் 777 அதையும் சேர்த்து அழித்துவிட்டது. மெஷினை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரைதான் வந்தது.

மருமானுக்குப் போன் செய்தேன்.

“எல்லாத்துக்குமா போட்டீங்க மாமா?”

“மேக்குல இதுக்கு ஒரு பட்டன் உண்டாமே?”

“இருந்துது.”

ஆப்பிளின் டிஸ்க் யுடிலிட்டியில் இருந்த ‘பர்மிஷன் ரிப்பேர்’ பட்டன். இன்ஸ்டால் ஆனபோது விட்டுப்போன ரசீதுகளை வைத்து, எந்த சிஸ்டம் ஃபைலுக்கு என்ன உரிமை என்று ஒப்பிட்டுத் திருத்தும். நம் சொந்தக் கடிதங்களைத் தொடவே தொடாது. ஆனால் ஜனங்கள் மெஷின் மந்தம், பிரின்டர் மக்கர் என்று எதற்கும் அதை அழுத்தினார்கள், திருஷ்டி சுற்றிப் போடுகிற மாதிரி. 2015-ல் எல் கேப்பிடன் வந்தபோது, சிஸ்டம் ஃபைல்களை ரூட்டே தொட முடியாதபடி பூட்டி, பட்டனை எடுத்துவிட்டார்கள்.

மருமான் யுஎஸ்பி குச்சியில் இன்னொரு லினக்ஸைக் கொண்டுவந்து பூட் செய்து, முதலில் அப்பாவை வெளியே எடுத்தான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. மறுபடி முழுசாக இன்ஸ்டாலேஷன்.

“அத்தையும் படிக்கட்டுமே, 644 போடவா மாமா?”

“மாமனார் என்னைப் பத்தி என்ன எழுதச் சொன்னாராம்?” என்று உள்ளேயிருந்து குரல்.

600 போடச் சொன்னேன்.