மாடி போர்ஷனும் கிம்சி வாசனையும்



பூந்தமல்லியில் எங்கள் தெருவில் ஒரு மாடி போர்ஷன் காலி. போன வாரம் ஒரு கொரியக் குடும்பம் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். வீட்டுக்காரர், "அவங்க சமையல் நாறும் டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களிடம் "வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுதான் உறுத்துகிறது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. அதன்பிறகு என்னிடம் படித்த எத்தனை பேர் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு பஸ் ஏறினீர்கள்! சம்பளம் இனிக்கிறது, வாசனை மட்டும் கசக்கிறதா? கிம்சி என்றால் என்ன? கோஸில் உப்பு, பூண்டு, மிளகாய்த்தூள் போட்டுப் புளிக்க வைப்பது. (நம் கருவாட்டுக் குழம்பு தெருமுனை வரை மணப்பது வேறு கதை.)

சிங்கப்பூரில் சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை பற்றிப் புகார் செய்தது. அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பது என்று சமரசம்! 2011-ல் இது செய்தியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிறன்று பல இனத்தவரும் வீட்டுக்கு வீடு குழம்பு வைத்தார்கள். நாமும் அதைப் படித்துப் பெருமைப்பட்டோம்.

படியிறங்கும்போது அந்தப் பையன் "அப்பா" என்று கூப்பிட்டான். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். திரும்பிப் பார்த்துவிட்டேன்.

போர்ஷன் இன்னும் காலிதான். நாளை வீட்டுக்காரரிடம் பேசப் போகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளே, வீடு தேடும் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.