எஞ்சினை இறக்கணுமா? முதல்ல சம்ப்பை இறக்குங்க!

"எஞ்சினை இறக்கணும்ங்க."

டவுன்ல எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் இப்ப இதுதான் முதல் வார்த்தை. பானெட்டைத் தூக்கி ரெண்டு நிமிஷம் காது கொடுப்பாங்க, உடனே தீர்ப்பு. தலைவலின்னு போனவனை நேரா ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போற மாதிரி.

போன மாசம் எனக்கு நடந்தது இது. பழைய டீசல் ஜீப்புல மஞ்சள் மூட்டை ஏத்திட்டு மேடு ஏறும்போது அடியில 'டொக் டொக்'னு சத்தம். எஞ்சின் நல்லா சூடாகி ஐடிலிங்ல நின்னா ஆயில் லைட் மினுக்குது. டவுன்ல காட்டினேன். "பேரிங் போயிருச்சு. இறக்கி, கிராங்க் கடைஞ்சு, போர் பண்ணி, 85,000 ஆகும்"னாங்க. சென்னையில இருக்கிற தம்பி மகனோ, "பெரியப்பா, எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க"ன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு நட்டைக்கூடக் கழற்றாம எப்படிச் சாமி எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்க?

ஊர் மெக்கானிக் தம்பிகிட்ட வந்தேன். வண்டியை ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணினாப்ல. மூணாவதைத் தளர்த்தினதும் சத்தம் அடங்கிருச்சு. "மூணாவது ராடுங்ணா"ன்னாப்ல. இது பேரு நோய் பார்க்கிறது.

அப்புறம் சேஸைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தினோம். அச்சு கீழே தொங்குச்சு, சம்ப்பைக் கழற்ற இடம் கிடைச்சுது. ராடு கேப்பைக் கழற்றினா பேரிங் பாதி கையில வருது. மேலே பூசின மெல்லிய பூச்சு தேஞ்சு, செம்பு நிறம் பல்லிளிக்குது. ராடைக் கொஞ்சம் மேலே தள்ளினா மேல் பாதியும் வந்துரும். மெயின் பேரிங்குதான் வேடிக்கை. கேப்பைக் கழற்றி, கிராங்குல இருக்கிற ஆயில் ஓட்டைக்குள்ள ஒரு சின்ன பின்னைச் செருகி, கிராங்கை மெதுவா திருப்பணும். மேல் பாதி அப்படியே உருண்டு வெளியே வரும். புதுசும் அதே வழியில உள்ளே போகும். ஒரு நேரத்துல ஒரு கேப் மட்டும்தான். நம்பர் மாறக்கூடாது, திசை மாறக்கூடாது. ரெண்டு நாள் வேலை. பேரிங் செட், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். ஓர் ஏக்கர் மஞ்சளுக்குக் களை எடுக்கிற கூலியை நினைச்சுப் பார்க்கிறவனுக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும்.

ஏன் எல்லாரும் இறக்கணும்ங்கிறாங்க? மல்லாந்து படுத்து மூஞ்சியில ஆயில் சொட்டச் சொட்ட வேலை பார்க்கிறது கஷ்டம். இறக்கி வெச்சா நின்னுக்கிட்டே பார்க்கலாம், பில்லும் பெருசாகும். அவங்க சௌகரியத்துக்கு நம்ம பணம்!

அதுக்காக இறக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. கிராங்க் ஜர்னல்ல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா, அங்கே கோடு விழுந்திருக்கு. மைக்ரோமீட்டர்ல ரெண்டு பக்கமும் அளந்து அளவு வேற வேறயா வந்தா, அது முட்டை வடிவமாயிருச்சு. அப்போ கிராங்கை வெளியே எடுத்துக் கடையத்தான் வேணும், 10 தௌ குறைச்சு அதுக்கேத்த பேரிங் போடணும். சில புதுக் கார்கள்ல கேப் எல்லாம் ஒரே வார்ப்பா இருக்கும், அதுல இந்த வித்தை நடக்காது.

நம்ம ஊர் ஆளுங்களையும் விட மாட்டேன். கேப்பை அரத்தால ராவி 'டைட்' பண்றவன், பேரிங்குக்கு அடியில காகிதம் வைக்கிறவன், டார்க் ரென்ச் இல்லாம கைப்பழக்கத்துல போல்ட் முறுக்கிறவன், இவங்கதான் இந்த வேலைக்கே கெட்ட பேரு வாங்கிக் கொடுத்தவங்க. எங்க தம்பி மெழுகு நூல் மாதிரி இருக்கிற பிளாஸ்டிகேஜை வெச்சு, போல்ட்டை அளவாக முறுக்கி, திரும்பக் கழற்றி, நசுங்கின அகலத்தைப் பார்த்து இடைவெளி சரின்னு சொன்ன பிறகுதான் மூடினாப்ல.

இன்னொண்ணு. பேரிங் தானா சாகாது. என் வண்டியில சம்ப்புக்குள்ள இருக்கிற ஸ்ட்ரெய்னர் பாதி அடைச்சிருந்துச்சு. ஆயில் மாத்தறதை நான் தள்ளிப்போட்ட பாவம் அது. திட்டறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டணும். காரணத்தைச் சுத்தம் பண்ணாம புது பேரிங் போட்டா, ஆறு மாசத்துல அதே 'டொக் டொக்'தான்.

பட்டணத்துச் சொந்தங்களே, அடுத்த தடவை "இறக்கணும்"னு யாராவது சொன்னா மூணே கேள்வி கேளுங்க. கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் பார்த்தீங்களா? சம்ப்பைக் கழற்றிப் பார்த்தீங்களா? ஜர்னலை அளந்தீங்களா? மூணுக்கும் பதில் இல்லைன்னா சாவியை வாங்கிட்டு வந்துருங்க.

என் ஜீப் இப்ப மேடு ஏறுது. சத்தமே இல்லை. தம்பி மகன் பொங்கலுக்கு வரட்டும், அதுலயே கூட்டிட்டு வர்றேன்.