காயலான் கடைச் சங்கீதம்

என் பழைய நண்பர் ஒருவரின் பேத்தி சென்ற ஆண்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறவள். இறுதி ஆண்டுக்கு ஓர் ஆவணப் படம் எடுக்க வேண்டுமாம். பழைய இசைத்தட்டு விற்கிற கடைகளையும், தட்டுச் சேகரிக்கிற மனிதர்களையும் பற்றி எடுக்கிறாளாம். "பின்னணியில் பேசுவதற்கு நீங்கள்தான் எழுதித் தர வேண்டும், தாத்தா" என்றாள். நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான வேண்டுகோள் உண்டா? ஒப்புக்கொண்டேன். அதன் பலனாக ஒரு கல்லூரி ஆசிரியரோடு ஒரு சண்டையும், என் மனச்சாட்சியோடு ஒரு சண்டையும் வந்து சேர்ந்தன. இரண்டையும் வாசகர்களிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவளோடும் அவளுடைய காமிராவோடும் சென்னையில் அலைந்தேன். 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பிறகு அதன் வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்களே, அங்கே போனோம். நடைபாதைக் கடைகளில் குனிந்து நிமிர்ந்தோம். வீட்டுக்கு வந்து ஒரே இரவில் நான்கு பக்கம் எழுதித் தள்ளினேன். காலம் என்ற ஊசி, வாழ்க்கை என்ற தட்டு, கீறல் விழுந்த நெஞ்சம் என்று ஒரே உருக்கம். அந்தப் பெண் பொறுமையாகப் படித்துவிட்டு, "ரொம்ப அழகாக இருக்கிறது, தாத்தா. ஆனால் இதில் விஷயம் ஒன்றுமே இல்லையே?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. மறுவாரம் அவள் என்னை ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஓய்வு பெற்ற குமாஸ்தா. இரண்டே அறை. ஓர் அறை முழுதும் தட்டுகள். அவருடைய மனைவி காப்பி கொடுத்துக்கொண்டே, "ஊரெல்லாம் இவரைப் பைத்தியம் என்கிறது. நான் மட்டும் என்ன சொல்ல?" என்று சிரித்தாள். அவர் உடனே பாட்டைப் போடவில்லை. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளைப் படிக்க ஆரம்பித்தார். பாடியவர், ராகம், தாளம், இயற்றியவர், கம்பெனி எண். பிறகு தட்டைச் சாய்த்து, அந்தத் தாளுக்கு அருகில் நுணுக்கமாகப் பொறித்திருந்த இன்னொரு எண்ணையும் காட்டினார். "பாட்டைக் கேட்கிறதுக்கு முன்னாடி பேரைப் படிங்க, சார். பேர் போச்சுன்னா அப்புறம் அது வெறும் சத்தம்" என்றார்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி ஒரு கூம்புக் குழாயின் எதிரே நின்று பாடினாள். பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள். தற்பெருமை அல்ல. அந்தப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்த்தான் தட்டுகளாக வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கு யார் குரல் எது என்று எப்படித் தெரியும்? 1908-இல் கல்கத்தாவின் ஸியால்தாவில் தட்டு அடிக்கும் தொழிற்சாலை வந்தது. நம் மரங்களில் பூச்சி சுரக்கிற அரக்கைச் சேர்த்துச் செய்த தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று சுழன்று, பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் பாடியது. மணிக்கணக்கில் ராகம் பாடியவர்கள் மூன்று நிமிஷத்துக்குள் அதன் சாரத்தைப் பிழிந்து கொடுக்கப் பழகினார்கள். கைதவறினால் தட்டு நொறுங்கிவிடும். 1948-இல் அமெரிக்காவில் நொறுங்காத வினைல் தட்டு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடியது. அதுதான் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் திரைப்படக் கதை வசனத்தை ஒலிபெருக்கி வழியே முழங்கிய 'எல்.பி.'.

அந்தப் பெண் இவற்றையெல்லாம் படத்தில் சேர்த்தாள். குமாஸ்தா பெயர்த் தாளைப் படிப்பதை ஏறக்குறைய மூன்று நிமிஷம் அப்படியே வைத்தாள். அவளுடைய ஆசிரியர் பார்த்துவிட்டு, "இது அலுப்பு. வெட்டிவிடு. குழாய் வைத்த கிராமபோனைக் காட்டு. மழை பெய்கிற ஜன்னலைக் காட்டு. ஊசி கரகரக்கிற சத்தத்தைப் போடு. பார்க்கிறவனுக்குக் கண் கலங்க வேண்டும்" என்றாராம். நான் நேரில் போய் வாதாடினேன். அவர் மரியாதையாக, "உங்கள் காலத்து ஏக்கத்தைத்தானே, ஐயா, நாங்கள் காட்டச் சொல்கிறோம்?" என்றார்.

இந்த ஏக்கத்தோடுதான் என் விரோதம். கண்ணீர் விடுகிறவன் தன் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். கரகரப்புச் சத்தத்தைக் கேட்டு உருகுகிறவனுக்கு, அந்தக் கரகரப்புக்குப் பின்னால் பாடுவது யார் என்ற கவலை இல்லை. செத்துப்போன மனிதரின் முகத்தைப் பார்க்காமல், மாலையின் வாசனையை முகர்ந்துவிட்டுத் திரும்புகிற கதைதான் இது.

"இப்போதுதான் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே!" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அந்தப் பழைய பாட்டுகளில் பல, ஊரார் பைத்தியம் என்று பரிகசிக்கிற இத்தகைய மனிதர்களின் அலமாரியிலிருந்து அங்கே போனவை. போன பிறகு அவற்றின் கதி என்ன? பாடியவர் பெயர் மாறியிருக்கும். தேதி இருக்காது. ஆதி காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் தவறினால் சுருதியே மாறிவிடும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட அகலமானது. அதற்கு வேறு ஊசி வேண்டும். இதெல்லாம் தெரியாமல் பதிவு செய்த பாட்டைக் கேட்டு, 'அந்தக் காலத்துக் குரல் கொஞ்சம் கீச்சுக் குரல்தான்' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

புத்தகத்துக்கு நாம் இந்த அநியாயத்தைச் செய்யவில்லை. 1954-இல் ஒரு சட்டம் செய்தோம். அச்சான ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமாரா உள்ளிட்ட வேறு பொது நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றது அது. அச்சடித்த சுரத்தாளைக்கூட அந்தச் சட்டம் புத்தகமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தச் சுரத்தைப் பாடிய குரலை எடுத்துக்கொள்ளவில்லை! பிரான்ஸ் தேசத்தார் 1938-இலேயே ஒலிப்பதிவுகளுக்கென்று ஒரு தேசிய நிலையம் அமைத்துவிட்டார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் வழி இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவுக்குரிய உரிமை அறுபது ஆண்டுகளில் முடிகிறது. 2012-இல் வந்த திருத்தம், லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க இடம் கொடுக்கிறது. 'தன்னிடம் உள்ள' என்பதைக் கவனியுங்கள். முதலில் தட்டு நூலகத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு தட்டாவது இருக்கிறதா? சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே கொண்டுபோகத்தான் ஆள் இல்லை.

தனி மனிதனின் பைத்தியத்தால்தான் நம்மிடம் மிச்சமிருப்பது மிஞ்சியது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடியிராவிட்டால், 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிராது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். அவர் 1992-இல் காலமானார். 1994-இல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயிற்று. மனிதர் போன பிறகும் காரியம் நின்றது. ஏனென்றால் ஒரு ஸ்தாபனம் அதை ஏற்றுக்கொண்டது. என் குமாஸ்தாவின் அலமாரியை யார் ஏற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

சேகரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அபூர்வமான தட்டு கிடைத்ததும் அதைப் பூட்டி வைத்து, 'என்னிடம் மட்டுமே உண்டு' என்று மீசை முறுக்குகிறவர்களைக் கண்டேன். அந்தப் பெண் கேட்டும் தட்டின் முகத்தைக் காட்ட மறுத்தார்கள். புதையல் காத்த பூதத்துக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இன்று வினைல் தட்டு மறுபடியும் நாகரிகமாகிவிட்டது. அமெரிக்காவில் 2020-இல் தட்டுகளின் விற்பனை வருமானம், பல ஆண்டுகளுக்குப் பிறகு குறுந்தகடுகளின் வருமானத்தை மிஞ்சியது. இங்கும் பணக்கார வீட்டு வரவேற்பறைகளில் தட்டு சுற்றுகிறது. நல்லதுதான். ஆனால் நாகரிகம் விலை போவதை மட்டுமே காப்பாற்றும். பிரபலமான சினிமாத் தட்டுக்கு ஆயிரக்கணக்கில் விலை. நாடகத் தட்டும் சிற்றூர் நாதஸ்வரத் தட்டும் குப்பைக்கு.

இனி என் மனச்சாட்சியின் சண்டை. எங்கள் வீட்டிலும் கிராமபோன் இருந்தது. அப்பா நூறு தட்டுக்குமேல் வைத்திருந்தார். 1991-இல் வீடு மாறும்போது, நானே காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பித்தளைக் குழாய்க்குத்தான் விலை. தட்டுகள் கொசுறு. அவற்றில் ஒன்றை அப்பா வெள்ளிக்கிழமை மாலைகளில் தவறாமல் போடுவார். நாதஸ்வரம். இன்றும் அதன் முதல் சில விநாடிகள் என் காதில் இருக்கின்றன. வாசித்தவர் யார்? என்ன ராகம்? எனக்குத் தெரியாது. பல வருஷம் கேட்டவன், ஒரு நாளும் அந்த வட்டத் தாளைப் படிக்கவில்லை. குமாஸ்தாவிடம் அந்தச் சில விநாடிகளை முனகிக் காட்டினேன். அவர் யோசித்தார். "பேர் இல்லாம நான் எங்கே தேடுவேன், சார்?" என்றார். நான் எழுதிய நான்கு பக்க உருக்கமும் எதை மூடி மறைக்க எழுதியது என்று அப்போது புரிந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஓர் அறை, சரியான ஊசியுள்ள ஒரு கருவி, பெயர் எழுத ஒரு பதிவேடு, வேலை தெரிந்த ஓர் ஆள். சர்க்கார் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இது கூடாத காரியம் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும், பார்க்கலாம்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். போகி வருகிறது. பரணைச் சுத்தம் செய்வீர்கள். தட்டு அகப்பட்டால் துடைத்து, வட்டத் தாளில் உள்ளதை எழுத்து விடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகு உருகுங்கள். அந்தப் பெண் மூன்று நிமிஷத்தை வெட்டவில்லை. மதிப்பெண் குறைந்தது. படத்தைப் பார்த்த இரண்டு பேர், தங்கள் வீட்டுத் தட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு குமாஸ்தாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். என் பரணில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.