லாயத்தையும் காப்பாற்றுங்கள்

காரிமங்கலத்திலிருந்து நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் ஓசூர். இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டமாக இருந்த 19ஆம் நூற்றாண்டில், பிரெட் என்ற ஆட்சியர் அங்கே தனக்கொரு மாளிகை கட்டினார். அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டை. கேழ்வரகு விளையும் சீமையில் ஓர் ஆங்கிலக் கோட்டை! அது எப்போதோ சிதைந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அசலும் இடிபாடுதான். உள்நாட்டுப் போரை ஒட்டி 1649இல் நாடாளுமன்றத் தரப்பு அதை இடித்தது. ஆனாலும் எஞ்சிய சுவர்களை ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ அமைப்பு பேணுகிறது. 1550களில் கட்டிய குதிரை லாயத்தில் இன்று தேநீர் விற்கிறார்கள்.

அந்த லாயம்தான் நமக்குப் பாடம்.

நம் ஊரில் வெள்ளைக்காரத் துரைகளின் பங்களா என்றதும் உயரமான கூரையும் தூண் வைத்த தாழ்வாரமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. வெக்கை, புகை, தீ விபத்து ஆகியவற்றுக்குப் பயந்து குசினியைத் தள்ளிக் கட்டினார்கள். லாயம், வண்டிக் கொட்டகை, வேலையாட்களின் வரிசை வீடுகள் எல்லாம் அதற்கும் பின்னால். பங்களாவை நடத்தியது இந்தப் பின்கட்டுதான். சமைத்தவர், குதிரை தேய்த்தவர், தண்ணீர் சுமந்தவர் அத்தனை பேரும் நம் ஊர்க்காரர்கள்.

‘துரை வீட்டை நாம் ஏன் காக்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் முகப்புக்கு வெள்ளையடித்துவிட்டுப் பின்கட்டை இடித்தால், துரையின் நினைவுதான் மிஞ்சும். உழைத்தவர்களின் தடம் போய்விடும். வேல்ஸில் எர்திக் என்ற மாளிகை 1973இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ அமைப்பின் வசம் வந்தது. அங்கே பார்வையாளர்களைத் தச்சுப்பட்டறை, லாயம், சலவைக்கூடம் வழியாகத்தான் மாளிகைக்குள் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். வேலைக்காரர்களின் உருவப்படங்களும் அங்கே மாட்டியிருக்கின்றன.

நம்மாலும் முடியும். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களா, பாழடைந்து கிடந்து, மீட்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் எஞ்சியிருக்கும் பழைய பங்களாக்களைப் பின்கட்டோடு சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். குசினி, லாயம் எதையும் அளந்து, வரைந்து, படம் எடுக்காமல் இடிக்கக் கூடாது. உறுதியாக இருப்பவற்றை நூலகமாகவோ தேநீர்க் கடையாகவோ மாற்றலாம். பொதுப்பணித் துறையும் மாவட்ட நிர்வாகமும் இந்தப் பட்டியலை இந்த ஆண்டே தொடங்கட்டும்.