விஜிதபுரத்தை வென்றவன் யார் மருமகன்?

விஜிதபுரப் போரை இனப்போர் என மேடைதோறும் முழங்குவோர், தாம் போற்றும் மகாவம்சத்தையே முழுதும் படித்ததில்லை போலும்! 1983இல் வீடும் கடையும் எரியக் கண்ட பம்பலப்பிட்டியிலிருந்து நாம் கேட்கிறோம்: மூன்று அகழிகளும் இரும்புக் கதவுகளும் காத்த அக்கோட்டையின் முற்றுகையிலே துட்டகைமுனுவுக்காக முன்னின்ற நந்திமித்தன் யார்? எல்லாளனின் சேனாபதி மித்தனுடைய உடன்பிறந்தாள் மகன்! மாமன் ஒரு பக்கம், மருமகன் மறுபக்கம். இதில் இனம் எங்கே பிரிந்தது? கந்துல யானையின்மேல் காய்ச்சிய கீலைக் கொட்டியதைச் சொல்ல மறவாதவர்கள், இதை மட்டும் விழுங்கிவிடுவதேன்?

அந்நூலோ, போர் முடிந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் பின் எழுந்தது. ஆயினும், விஜிதபுரம் வீழ்ந்தபின் அனுராதபுரத் தெற்கு வாயிலருகே மாண்ட எல்லாளனின் சமாதியைக் கடக்கையில் வாத்திய முழக்கம் கூடாதென்று வென்றவனே விதித்த கட்டளையை அது மறைக்கவில்லை. மேடையேறி அதைச் சொல்லும் துணிவு இவர்களில் எவருக்குண்டு?