யாருக்கும் நினைவில்லாத பாட்டு

குயீன் ரசிகர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நானும் குயீன் ரசிகன்தான். அதனால் இதை உள்வீட்டுச் சண்டை என்றே வைத்துக்கொள்ளலாம்.

1985 ஜூலை 13, சனிக்கிழமை, லண்டன் வெம்பிளி மைதானம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டும் லைவ் எய்ட் நிகழ்ச்சி. மாலை 6.41க்கு குயீன் மேடையேறியது. வெள்ளை பனியன், வெளிறிய ஜீன்ஸ், பாதியில் ஒடித்ததுபோன்ற அந்த மைக் கம்பி. 'ரேடியோ கா கா'வுக்கு 72,000 பேர் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் கை தட்டுகிறார்கள். ஃப்ரெடி மெர்க்குரி ராகம் இழுக்க மைதானமே திருப்பி இழுக்கிறது. இருபத்தொரு நிமிடம்.

ஹாஸ்டலில் டிசி++ வழியாக அறைக்கு அறை பரவிய வீடியோக்களில் இதுவும் ஒன்று. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. செமஸ்டருக்கு முந்தின ராத்திரிகூட பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றாத கேள்வி: இந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது?

வெட்கத்தோடுதான் சொல்கிறேன், எத்தியோப்பியா என்ற பெயர் அந்த வீடியோவில் எங்கேயும் இல்லை. நாங்கள் வைத்திருந்தது வெட்டி எடுத்த துண்டு. ரசிகர்களின் நினைவும் அப்படி வெட்டி எடுத்த துண்டுதான்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. அன்றிரவு மெர்க்குரியும் பிரையன் மேயும் மட்டும் மறுபடி மேடைக்கு வந்து, ஒற்றை கிட்டாரோடு இன்னொரு பாட்டுப் பாடினார்கள். 'இஸ் திஸ் தி வேர்ல்ட் வீ க்ரியேட்டட்'. 1984இல் வந்த 'தி வொர்க்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. பசித்த குழந்தைகளைப் பற்றியது. குயீன் அன்று பாடியதிலேயே அந்த நாளின் காரணத்தை நேராகத் தொட்ட பாட்டு அது ஒன்றுதான். உங்கள் ரசிக நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் ஆறு பாட்டையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ஏழாவதைக் கேட்டால் "அப்படி ஒன்று இருக்கா?" என்பார்கள். அதற்கு அடுத்து வந்த பால் மெக்கார்ட்னியின் மைக் வேலை செய்யாமல் போனதுகூட நினைவிருக்கும். இது நினைவிருக்காது.

இது மறதி இல்லை. வேண்டாததை ஒதுக்கிவிட்டு எடுத்துவைக்கிற வேலை.

இந்த வேலையை முழுசாக முடித்துக்கொடுத்தது 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படம். நான்கு ஆஸ்கர். படத்தில் லைவ் எய்டுக்கு முன் குழு உடைந்து கிடக்கிறது. நிஜத்தில் 1985 மே மாதம்தான் ஜப்பானில் அவர்களுடைய சுற்றுப்பயணம் முடிந்திருந்தது. படத்தில் மெர்க்குரி தன் நோயைக் குழுவிடம் சொல்லிவிட்டுத்தான் வெம்பிளிக்குப் போகிறார். அவருக்கு எச்ஐவி உறுதியானது 1987இல் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. இதெல்லாம் சினிமா சலுகை, விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. படத்தில் அதுவரை மந்தமாக இருந்த நன்கொடைத் தொலைபேசிகள், குயீன் பாட ஆரம்பித்ததும் அலறுகின்றன. பத்து லட்சம் பவுண்டு எல்லை தாண்டப்படுகிறது.

நடந்தது என்ன? குயீனுக்கு அடுத்து டேவிட் போவி வந்தார். தன் பாட்டு ஒன்றை விட்டுக்கொடுத்து, அந்த நேரத்தில் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி எடுத்த பஞ்சக் காட்சிகளைத் திரையிடச் செய்தார். எலும்பும் தோலுமான குழந்தைகள். சாகக் கிடக்கும் ஒரு சின்னப் பெண்ணின் முகம். அதன் பிறகுதான் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன என்பது அமைப்பாளர்களே திரும்பத் திரும்பச் சொன்னது. ஜனங்களின் பர்ஸைத் திறந்தது அந்தக் குழந்தையின் முகம். படம் அந்த முகத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் மெர்க்குரியின் குரலை வைத்தது. பஞ்சத்தில் செத்தவர்களிடமிருந்து இதைக்கூடப் பிடுங்கிக்கொண்டோம். தியேட்டரில் நானும் கண் கலங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு. பிர்ஹான் வோல்டு. அவள் பிழைத்தாள், வளர்ந்தாள், படித்தாள். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நடந்தபோது அதே பெண் மேடையில் வந்து நின்றாள். மடோனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாடினார். அந்த நாளைப் பற்றி எந்த ராக் ரசிகரிடமாவது கேளுங்கள். பிங்க் ஃப்ளாய்டின் நாலு பேரும் 24 வருடம் கழித்து ஒரே மேடையில் நின்றதைச் சொல்வார். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாட்டைப் பாட்டாப் பாருங்க பாஸ், எதுக்கு அரசியலை இழுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்பார். எப்போதும் ஒருவர் கேட்பார். சரி, பாட்டாகவே பார்ப்போம். அந்த இருபத்தொரு நிமிடம் ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது? நன்கொடை நிகழ்ச்சி என்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் கிட்டத்தட்ட இருபது நிமிடம்தான். விளக்கு ஜாலம் கிடையாது, பட்டப்பகல். எதிரே இருந்த கூட்டம் குயீனுக்கு மட்டும் டிக்கெட் வாங்கி வந்த கூட்டமும் இல்லை. இந்த நெருக்கடியைப் புரிந்துகொண்டுதான் அவர்கள் ஒத்திகை பார்த்தார்கள், பாட்டுகளை வெட்டிச் சுருக்கினார்கள், பேச்சைக் குறைத்தார்கள். நீங்கள் சிலிர்க்கிற அந்த வடிவத்தையே உண்டாக்கியது நிகழ்ச்சியின் காரணம். காரணத்தைக் கழற்றிவிட்டால் பாட்டும் முழுசாகப் புரியாது.

இன்னொன்றையும் ரசிகர்கள் சொல்வதில்லை. 1984 அக்டோபரில்தான் பிபிசியின் மைக்கேல் புயர்க், ஒளிப்பதிவாளர் முகமது அமீனோடு வட எத்தியோப்பியாவின் கோரெமிலிருந்து அந்தப் புகழ்பெற்ற செய்தியை அனுப்பினார். பாப் கெல்டாஃபை உலுக்கியது அதுதான். அதே அக்டோபரில் குயீன் எங்கே இருந்தது? தென்னாப்பிரிக்காவில், சன் சிட்டியில். நிறவெறி அரசுக்கு எதிரான கலாச்சாரப் புறக்கணிப்பை மீறிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தது. பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. எங்களுக்கு அரசியல் இல்லை, ரசிகர்களுக்காகப் பாடினோம் என்பதே அவர்கள் வாதம். ஒன்பது மாதத்தில் வெம்பிளி. அந்த இருபத்தொரு நிமிடம் அவர்களையும் கழுவி எடுத்தது. பாவம் செய்த குழு பாடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே ஆள்தான் இரண்டையும் செய்தான் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

"பணம் போய்ச் சேர்ந்ததா, அது போதாதா? யார் எதை நினைவில் வைத்தால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. போதாது. அந்தப் பஞ்சம் வெறும் மழை பொய்த்த கதை இல்லை. மெங்கிஸ்டுவின் ராணுவ அரசு வடக்கே கிளர்ச்சியாளர்களோடு போர் நடத்திக்கொண்டிருந்தது. போர்தான் பயிரையும் சந்தையையும் பாதையையும் அழித்தது. பசித்த மக்களை லட்சக்கணக்கில் தெற்கே கட்டாயமாகக் குடியேற்றினார்கள், வழியிலும் போன இடத்திலும் பலர் செத்தார்கள். அதை வெளிப்படையாகக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளையை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். கச்சேரி முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மைதானத்தில் கை தட்டியவர்களில் எத்தனை பேர் அப்போது திரும்பிப் பார்த்திருப்பார்கள்? காசு கொடுத்தாயிற்று, பாட்டும் கேட்டாயிற்று, கணக்கு முடிந்தது. நினைவு முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். எதை நினைவில் வைத்திருக்கிறோமோ அதைத்தான் பிறகு விசாரிப்போம்.

இதில் என் பங்கும் உண்டு. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு நான் வேலை பார்த்த இடத்தில் நிவாரணத்துக்காக ஒரு பாட்டு நிகழ்ச்சி வைத்தோம். அமைப்பாளர்களில் நானும் ஒருவன். அன்று யார் ஸ்ருதி தப்பினார், யார் கலக்கினார் என்று இன்றும் சொல்லுவேன். எவ்வளவு வசூலானது, எந்தத் தெருவுக்குப் போனது என்று கேட்டால் தெரியாது. மறந்துபோகவில்லை. அன்றைக்கே நான் கேட்கவில்லை.

ஆகவே என் சக ரசிகர்களே, அந்த வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. இன்று ராத்திரியும் பாருங்கள், நானும் பார்ப்பேன். ஆனால் 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' முடிந்ததும் மூடிவிடாதீர்கள். போவி தன் பாட்டை விட்டுக்கொடுத்துக் காட்டிய அந்தச் சில நிமிடங்களைப் பாருங்கள். பிறகு இருட்டிய வெம்பிளியில் இரண்டே பேர் வந்து பாடும் அந்த ஏழாவது பாட்டைக் கேளுங்கள். கை தட்ட அதில் ஒரு இடமும் இல்லை. அதனால்தான் நாம் அதை மறந்தோம் என்று நினைக்கிறேன்.